உச்சி தாண்டியும் எடுக்காத கை

மெரின் கோவால்ட் மிதித்துக்கொண்டுதான் இருந்தாள். அப்படியிருந்தும் முதுகுக்குப் பின்னால் ஃப்ரீவீல் ஓடும் சத்தம் கேட்டது.

சைக்கிள் பழக்கமுள்ளவர்களுக்கு இதிலுள்ள கோளாறு உடனே புரியும். மிதிப்பதை நிறுத்திச் சக்கரத்தைத் தன்போக்கில் ஓடவிட்டால்தான் அந்தக் கிளிக் கிளிக் கிளிக் வரும். கால் சுற்றிக்கொண்டிருக்கும்வரை வராது. மெரினின் கால்களோ கிளேர் ஊரைத் தாண்டியதிலிருந்து ஒரு சுற்றுக்கூட நிற்கவில்லை. தலையைக் குனிந்து தன் அக்குளுக்குக் கீழாகப் பின்னால் பார்த்தாள். யாரும் இல்லை. வெயிலில் வெளுத்த தார்ச்சாலை, இருபுறமும் பறவைக்குப் பயந்து வெள்ளை வலை போர்த்திய திராட்சை வரிசைகள், தூரத்தில் ஒரு யூகலிப்டஸ் மரம், அவ்வளவுதான். சத்தமும் நின்றுவிட்டது. சங்கிலிக்கு எண்ணெய் விட்டு நாளாயிற்று என்று சொல்லிக்கொண்டு ஓட்டினாள். உண்மையில் முந்தின நாள்தான் விட்டிருந்தாள்.

அவளுக்கு ஐம்பத்தெட்டு வயது. வாரத்தில் ஐந்து நாள் பள்ளிப் பேருந்து ஓட்டுவாள், மீதி இரண்டு நாளும் சைக்கிள். இந்தக் குன்றுப் பக்கத்தில் லாரி வராத, காரும் அரிதாகவே வருகிற சின்னச் சாலைகளை ஒவ்வொன்றாகத் தேடிப்பிடித்து, எண்பது கிலோமீட்டர் வட்டமாகக் கோர்த்துப் பாதை போட்டது அவளும் அவள் தோழி கோரலும்தான். இருபத்திரண்டு வருஷம் ஒன்றாக ஓட்டியவர்கள். மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளப் ஆட்கள் நாற்பது பேர் அந்தப் பாதையில் போவார்கள். போன மார்ச்சில், அந்த ஞாயிற்றுக்கு முன்கூட்டியே இருவர் மட்டும் பாதையை ஓட்டிப் பார்த்த நாளில், ட்ரெசைஸ் லேன் என்ற குறுகல் சாலை இறங்கி நெடுஞ்சாலையில் சேருகிற இடத்தில், கோரல் நிற்காமல் போய்த் திராட்சை ஏற்றிய லாரிக்கு அடியில் விழுந்து செத்தாள்.

அது ஒரு கொடுமை என்றால் அதற்கப்புறம் நடந்தது இன்னொரு கொடுமை. லாரியை ஓட்டிவந்த கிளெம் ஹைன்ரிக் விசாரணையில் எழுந்து நின்று, கோரல் தானாக வரவில்லை, அவள் முதுகில் கை வைத்து யாரோ தள்ளிக்கொண்டு வந்தார்கள் என்று சொல்லிவிட்டான். அன்றைக்குக் கோரலோடு போனது மெரின் ஒருத்திதான். அவளோ அந்த நேரத்தில் மேட்டின் உச்சியைக்கூட எட்டாமல் நாக்குத் தள்ளிக்கொண்டிருந்தாள். வக்கீல் திருப்பி இரண்டு கேள்வி கேட்டதும் கிளெம் குழம்பிப்போய், சூரியன் கண்ணில் அடித்தது, சரியாகத் தெரியவில்லை என்று உட்கார்ந்துவிட்டான். விசாரணை அதோடு முடிந்தது. ஊர்தான் முடிக்கவில்லை. மெரின் ரொட்டிக்கடைக்குள் நுழைந்தால் பேச்சு நிற்கும். இரண்டு வீட்டுக்காரர்கள் தங்கள் பிள்ளைகளை அவள் பேருந்தில் ஏற்றுவதை நிறுத்திக்கொண்டார்கள்.

இந்தப் பக்கத்துச் சாலைகளில் எதிரே வருகிறவர்கள் வணக்கமாக ஸ்டியரிங்கிலிருந்து ஒற்றை விரலை உயர்த்தாமல் போகமாட்டார்கள். தெரிந்தவர், தெரியாதவர் எல்லாருக்கும் அந்த விரல் உண்டு. பள்ளிக்கூடத்தில் அவளுக்கு இரண்டு வகுப்பு மேலே படித்த கிளெம், ஒரு வருஷமாக அவளுக்கு மட்டும் அதைக் காட்டுவதில்லை. இன்றைக்கு ஊர் எல்லையில்கூட, பின்னால் திராட்சைத் தொட்டிகள் குலுங்க அவளை எதிர்கொண்டு கடந்துபோனான். இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்தன. பார்வை நேராக இருந்தது.

போய்த் தொலை என்று நினைத்துக்கொண்டாள்.

முந்தின நாள் சாயங்காலம் கிளப் செயலாளர் டெஸ்லி ஃபோனில் கூப்பிட்டிருந்தாள்.

"மெரின், ஞாயித்துக்கிழமைக்கு அந்த லேனை மட்டும் எடுத்துடலாமா? நெடுஞ்சாலையிலயே ஒரு ஏழு கிலோமீட்டர் போயிட்டா முடிஞ்சுது. உனக்காகத்தான் சொல்றேன்."

"எனக்காக எதுக்கு? அறுவடை நேரத்துல ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு லாரி போற ரோட்டுல நாப்பது பேரை விடப்போறியா?"

"ஜனங்க பேசுறாங்கடி."

"நல்லா பேசட்டும். பாதை போட்டவ முன்கூட்டியே ஒரு தடவை ஓட்டிப் பாத்துக் கையெழுத்துப் போடணும், அதானே விதி? நாளைக்கு ஓட்டுறேன். கையெழுத்துப் போடுறேன். லேன் இருக்கும்."

லேனை எடுத்தால் ஊர் என்ன சொல்லும் என்று அவளுக்குத் தெரியும். அவளே அந்த இடத்துக்குப் போக நடுங்குகிறாள் பார், மனசில் எதுவோ இருக்கிறது என்று சொல்லும். ஆகவே போகத்தான் வேண்டும், அதுவும் தனியாக. கணவன் ராய்ஸ் சமையலறையில் பூசணிக்காய் நறுக்கிக்கொண்டே மெல்ல ஆரம்பித்தான்.

"நான் வேணா கார்ல பின்னாடியே வரட்டா?"

"நீ வந்தா, பயந்துட்டு புருஷனைத் துணைக்குக் கூட்டிக்கிட்டுப் போனான்னு சொல்வாங்க."

"பயம் இல்லையாக்கும்?"

"இருக்கு. அதான் போறேன்."

"ஏழு மணிக்கு நீ வாசல்ல நிக்கலைன்னா நான் கிளம்பி வந்துடுவேன். சொல்லிட்டேன்."

"வா. வரும்போது கொடியில காயுற துணிய எடுத்து உள்ள போட்டுட்டு வா."

இப்படித்தான் கிளம்பினாள். எண்பதில் அறுபத்தெட்டு கிலோமீட்டர் முடிந்து, ஐந்தே முக்கால் மணிக்கு லேனுக்குள் திரும்பியபோது வெயில் சாய்ந்து மஞ்சளாகியிருந்தது. லேன் நாலு கிலோமீட்டர்தான். முதல் மூன்று ஏற்றம், கடைசி ஒன்று இறக்கம். இரண்டு கார் எதிரெதிரே வந்தால் ஒன்று மண்ணில் இறங்கியாக வேண்டும், அவ்வளவு குறுகல். நசுங்கிய திராட்சையின் புளித்த வாடையும் சூடேறிய யூகலிப்டஸ் இலையின் வாடையும் காற்றில்லாத பள்ளத்தில் கலந்து தேங்கியிருந்தன. வலைகளுக்கு உள்ளே எங்கோ மாட்டிக்கொண்ட ஒரு பறவை விட்டுவிட்டுச் சிறகடித்தது. மேலே வெள்ளைக் கிளிக் கூட்டம் கத்திக்கொண்டே மேற்கே போனது. பறவை விரட்டுவதற்குத் தோட்டக்காரர்கள் வைத்திருக்கும் காஸ் வெடி நாலு நிமிஷத்துக்கு ஒரு தரம் டும் என்று போட்டு, அந்தச் சத்தம் குன்றுகளில் மோதித் தேய்ந்து அடங்கியது. இதெல்லாம் பழகின சத்தம். மெரினுக்கு இதில் பயப்பட எதுவுமில்லை.

முதல் கிலோமீட்டரில் மூன்று முறை திரும்பிப் பார்த்தாள். இரண்டாவது கிலோமீட்டரில் திரும்பக்கூடாது என்று முடிவு செய்தாள். ஏறும்போது திரும்பினால் சைக்கிள் ஆடும், மூச்சு போகும்.

கோரலும் அவளும் இந்த ஏற்றத்தில் திரும்பிப் பார்த்ததே கிடையாது. அவர்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. முன்னால் போகிறவள் தளர்ந்துவிட்டால் வலது முழங்கையை வெளிப்பக்கமாக ஒரு வெட்டு வெட்டுவாள். கை குடு என்று அர்த்தம். பின்னால் வருகிறவள் ஒட்டி வந்து, இடுப்புக்குச் சற்று மேலே முதுகில் உள்ளங்கையைப் பதித்து, உச்சிவரை தள்ளிக் கொடுப்பாள். உச்சி வந்ததும் கையை எடுத்துவிட வேண்டும். இறக்கத்தில் ஒருத்தர் முதுகில் கை வைப்பது கொலைக்குச் சமம் என்று கோரல் அடிக்கடி சொல்வாள். இருபத்திரண்டு வருஷத்தில் இருவரும் ஒரு தடவைகூட அதை மீறினதில்லை.

போன வருஷம் நடந்ததில் ஒன்றை மெரின் யாரிடமும் சொல்லவில்லை, ராய்ஸிடம்கூடச் சொல்லவில்லை. அன்றைக்கு முன்னால் போன கோரல் இதே ஏற்றத்தில் முழங்கையை வெட்டினாள். மெரின் அதைப் பார்த்தாள். ஆனால் அவளுக்கே உடம்பில் தெம்பில்லை, முப்பது அடி பின்தங்கியிருந்தாள், பார்த்தும் போகவில்லை. கொஞ்ச நேரத்தில் கோரலின் சைக்கிள் தானாக வேகம் பிடித்தது. கோரல் திரும்பாமலே, காற்றில் கேட்கும்படி, "அம்மாடி, இன்னைக்கு நல்லாத் தள்ளுறடி மெரின்" என்று சொன்னாள்.

கேலி செய்கிறாள் என்று மெரின் சிரித்தாள். அடுத்த வளைவில் கோரல் கண்ணிலிருந்து மறைந்துபோனாள். பிறகு கேட்டது லாரியின் பிரேக் சத்தம்.

இதை எப்படிச் சொல்வது? யாரிடம் சொன்னாலும் அதில் அவள் பெயர் இருக்கிறது. தள்ளுகிறாய் மெரின். செத்துப்போனவளின் கடைசிப் பேச்சே அதுதான் என்று அவளே போய் ஒப்புக்கொண்டதாகிவிடும்.

மூன்றாவது கிலோமீட்டர் தொடங்கியது. அதுதான் செங்குத்து. சைக்கிளில் இருந்ததிலேயே இலகுவான கியருக்கு மாற்றினாள், அப்படியும் தொடை எரிந்தது. வியர்வை மூக்கு நுனியில் சேர்ந்து சொட்டியது. சாலை நடுவில் ஒரு கட்டைவால் ஓணான் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. வழக்கமாக அவை சைக்கிளுக்கு நகராது, வாயைப் பிளந்து நீல நாக்கை மட்டும் காட்டும். இது அவளைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால் எதையோ பார்த்தது. பார்த்துவிட்டு, அத்தனை சோம்பேறிப் பிராணி, அவள் அதுவரை எந்த ஓணானிடமும் கண்டிராத வேகத்தில் வலைக்குக் கீழே புகுந்து ஓடியது.

கிளிக் கிளிக் கிளிக்.

இந்த முறை நிற்கவில்லை. பத்தடி பின்னால், ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. ஏற்றத்தில் மிதிக்காமல் எவனால் வரமுடியும்? எந்தச் சக்கரம் மேட்டில் தானாக ஓடும்?

"யாரு?" என்றாள், திரும்பாமல்.

காஸ் வெடி டும் என்றது. குன்றுகள் அதைத் திருப்பிச் சொல்லி முடித்தன. கிளிக் கிளிக் கிளிக்.

"வர்றதா இருந்தா வா. எனக்கென்ன. ரோடு எல்லாருக்கும் பொதுதான்."

தைரியத்தில் சொல்லவில்லை, கோபத்தில் சொன்னாள். ஒரு வருஷமாக அவளுக்குள் கோபத்துக்குக் குறைவில்லை. ரொட்டிக்கடையில் வராத கோபம், பேருந்து நிறுத்தத்தில் ஒரு தாய் தன் மகளின் தோளைப் பிடித்துப் பின்னுக்கு இழுத்தபோது வராத கோபம் எல்லாம் சேர்ந்து காலுக்கு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து நின்று மிதித்தாள். இருநூறு அடி போனாள். அதற்குமேல் முடியவில்லை. இருக்கையில் விழுந்தாள். கண் இருட்டியது. முன்னால் வளைவு, அதற்கப்புறம் உச்சி. கோரல் மறைந்த அதே வளைவு.

அப்போது அவள் முழங்கை வெளிப்பக்கமாக ஒரு வெட்டு வெட்டியது.

வேண்டுமென்று செய்யவில்லை. இருபத்திரண்டு வருஷம் இந்த இடத்தில் தளர்ந்தபோதெல்லாம் செய்ததை உடம்பு தன்பாட்டுக்குச் செய்துவிட்டது. செய்து முடித்த பிறகுதான் மனசுக்குத் தெரிந்தது. ஐயோ என்று அவள் நினைப்பதற்குள் கிளிக் சத்தம் ஒட்டி வந்தது. இடுப்புக்குச் சற்று மேலே, முதுகில், ஒரு உள்ளங்கை வந்து படிந்தது.

மெதுவாகத்தான் படிந்தது. அதுதான் அவளை அழவைத்தது. தெரிந்த இடம், தெரிந்த அழுத்தம். சைக்கிள் இலேசாகியது, தொடையின் எரிச்சல் விட்டது, மேடு தானாக அவளுக்குக் கீழே நழுவியது. ஒரு வருஷமாக இந்த முதுகை ஆதரவாக யாரும் தொட்டதில்லை என்று தோன்றியது.

"கோரல்," என்றாள். "கோரல், நான் அன்னைக்கு வந்திருக்கணும்டி. நீ முழங்கைய வெட்டினதை நான் பாத்தேன். பாத்துட்டும் வரலை. என்னை மன்னிச்சிடு."

கை தள்ளியது. குளிர்ச்சியாக இருந்தது. நனைந்த சட்டைக்கு அது இதமாகக்கூட இருந்தது. கோரலின் கை சின்னது, பத்து வயதுப் பிள்ளையின் கையைப் போல. கையுறை அவளுக்குக் குழந்தைகள் அளவில்தான் வாங்க வேண்டியிருக்கும். இந்தக் கை ஒரு விலாவிலிருந்து மறு விலாவரை விரிந்திருந்தது.

மெரினின் அழுகை நின்றது.

விரல்களை எண்ணினாள். முதுகால் எண்ணுவது கடினமில்லை, ஒவ்வொன்றும் தனித்தனியாக அழுந்திக்கொண்டிருந்தது. ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. ஐந்து.

எண்ணி முடித்த பிறகும் விரல் மிச்சம் இருந்தது.

வளைவு வந்தது. போனது. உச்சி. பழைய கல்தூண், அதில் துருப்பிடித்த தபால் பெட்டி. கையை எடுக்க வேண்டிய இடம். எத்தனையோ தடவை கோரலின் கை சரியாக இந்தத் தூணுக்கு நேரே முதுகை விட்டிருக்கிறது.

தூண் பின்னால் போனது. கை விலகவில்லை.

"போதும்," என்றாள் மெரின்.

இறக்கம் தொடங்கியது.

பிரேக்கைப் பிடித்தாள். இரண்டையும் பிடித்தாள். சக்கரங்கள் கத்தின, ரப்பர் கருகும் நாற்றம் மூக்கில் ஏறியது, விரல் எலும்புகள் வலித்தன. வேகம் மட்டும் குறையவில்லை. பிரேக் நல்ல பிரேக். அவளே போன வாரம் மாற்றியது. கோரலின் பிரேக்கும் நல்ல பிரேக்தான், போலீஸ் சோதித்துப் பார்த்துச் சொன்னது. அப்படியானால் அவளும் பிடித்திருக்கிறாள். இந்த இறக்கம் முழுவதும் பிடித்துக்கொண்டு, போதும் மெரின், போதும் என்று சொல்லிக்கொண்டே போயிருக்கிறாள்.

கீழே நெடுஞ்சாலை தெரிந்தது. வடக்கிலிருந்து ஒரு லாரி. அதற்குப் பின்னால் கொஞ்சம் தள்ளி இன்னும் இரண்டு.

சூரியன் அவளுக்குப் பின்னால் இடப்பக்கம் தாழ்ந்திருந்தது. அவளுடைய நிழல் வலப்பக்கத்து வெள்ளை வலைகள்மேல் கூடவே ஓடிவந்தது. பார்க்கக்கூடாது. பார்த்தாள். சக்கரங்கள். குனிந்த முதுகு. தலைக்கவசம். அவளேதான். அவள் முதுகிலிருந்து பின்னோக்கி ஒரு கை. அந்தக் கைக்கு முழங்கை வரவில்லை. தோள் வரவில்லை. ஒரு வலை வரிசை. அடுத்த வரிசை. அதற்கடுத்த வரிசை. கண்ணுக்கு எட்டியவரை கைதான். குன்றின் உச்சிவரை அது நீண்டு கிடந்தது.

அவள் அலறவில்லை. அலறினால் மூச்சு போகும். மூச்சு வேண்டும்.

"என்னைக் கொண்டுபோய் அங்க போடலாம்னு பாக்குறியா," என்றாள். "என்னையா? நான் யாருன்னு தெரியுமா உனக்கு?"

இடது காலைப் பெடலிலிருந்து கழற்றினாள். ஹேண்டிலை ஒரே வெட்டாக இடப்பக்கம் வெட்டினாள்.

சைக்கிள் அவளை விட்டுப் போனது. மண். கம்பி. வலை கிழியும் சத்தம். பழுத்த திராட்சை முகத்தில் நசுங்கியது. தோளில் எதுவோ மளுக்கென்று முறிந்தது. உருண்டாள், உருண்டாள், வலை சுற்றிக்கொண்டது, நின்றாள்.

மல்லாந்து கிடந்தாள். வானம் ஆரஞ்சு நிறமாக இருந்தது. நெடுஞ்சாலை இருபதடி தூரத்தில். லாரி காற்றுப் பிரேக் சீறலோடு எதிர் ஓரத்தில் போய் நின்றது. கதவு திறந்தது. பூட்ஸ் சத்தம் சாலையைக் கடந்து ஓடிவந்தது.

"மெரின்! ஏய், மெரின்!"

கிளெம் ஹைன்ரிக். முகத்தில் ரத்தமே இல்லை. அவள் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்து, வலையைக் கத்தியால் அறுக்க ஆரம்பித்தான்.

"எங்க போச்சு அது?" என்றான். "உன் பின்னால வந்துச்சே. அது எங்க?"

"பாத்தியா?"

"பாத்தேன். அன்னைக்கும் இதையேதான் பாத்தேன். சூரியன் கண்ணுல அடிச்சுதுன்னு சொன்னது பொய் மெரின். கோர்ட்டுல அத்தனை பேர் முன்னாடி இன்னொரு தடவை சொல்ல வாய் வரலை. கை மட்டும் இருந்துச்சு, ஆள் இல்லன்னு எப்படிச் சொல்றது? பைத்தியம்னு லைசென்ஸைப் பிடுங்கிடுவாங்க."

"அதனால நான்தான் தள்ளினேன்னு விட்டுட்ட."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "ஆமா. அதனாலதான் உன் மூஞ்சியப் பாக்க முடியலை. ஒரு விரலைத் தூக்கக்கூட முடியலை." புறங்கையால் கண்ணைத் துடைத்தான். "சொல்லிடறேன். இன்னைக்கே போலீஸ்ல சொல்றேன். ரொட்டிக்கடையில, பள்ளிக்கூடத்துல, எல்லா இடத்துலயும் சொல்றேன். நீ இல்ல அது. ஃபோன் லாரியில இருக்கு. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுட்டு வரேன், அசையாம படு."

ஒரு வருஷமாக அவள் கேட்கக் காத்திருந்த வார்த்தை. நீ இல்ல அது. தோள் வலியை மீறிச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது.

அவள் மல்லாந்துதான் கிடந்தாள். முதுகு மண்ணில் இருந்தது. மண்ணுக்கும் முதுகுக்கும் நடுவே, இடுப்புக்குச் சற்று மேலே, அந்தக் கை இன்னும் இருந்தது.

அவள் உடம்பின் எடை முழுவதும் அதன்மேல் இருந்தது. அது நசுங்கவில்லை. பொறுமையாக இருந்தது. பிறகு விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கி, அவளை விட்டுவிட்டு, மண்ணோடு மண்ணாக ஊர்ந்து வெளியே போனது அவளுக்குத் தெரிந்தது.

கிளிக் கிளிக் கிளிக். சாலைப் பக்கம்.

"கிளெம்," என்றாள். "கிளெம், நில்லு."

அவன் சாலை ஓரத்து ஜல்லிவரை போயிருந்தான். நின்றான். நன்றாகத்தான் நின்றான், இரண்டு காலையும் ஊன்றி. வடக்கேயிருந்து அந்த இரண்டு லாரிகளும் வந்துகொண்டிருந்தன, முதலாவது விளக்கைப் போட்டிருந்தது.

"விளையாடாத மெரின்," என்றான் கிளெம், திரும்பாமல். "கைய எடு."

"அது நான் இல்ல."

"கைய எடுன்னு சொல்றேன்ல."

"கிளெம், நான் இங்க கிடக்கேன். அது நான் இல்லடா."

அவன் தலை மட்டும் மெதுவாகத் திரும்பியது. வலைக்குள் கிடந்தவளைப் பார்த்தான். அவன் வாய் திறந்தது. அவன் பூட்ஸ் ஜல்லியில் ஒரு அடி வழுக்கியது.

மெரின் எழுந்தாள். எப்படி எழுந்தாள் என்று தெரியாது. இடது கை தொங்கியது. வலையை இழுத்துக்கொண்டே, வலது கையை ஊன்றி, முட்டியால் நடந்தாள். அவன் கால்களை உதைத்து ஊன்றிக்கொண்டிருந்தான், உடம்பு பின்னுக்குச் சாய்ந்திருந்தது, ஆனாலும் போய்க்கொண்டிருந்தான். அவன் நிழல் தார்ச்சாலையின்மேல் நீளமாக விழுந்திருந்தது. நிழலின் முதுகில் அது இருந்தது.

எட்டினாள். அவன் பெல்ட்டைப் பிடித்தாள். உட்கார்ந்தாள். இரண்டு குதிகாலையும் ஜல்லிக்குள் புதைத்தாள்.

"விடமாட்டேன்," என்றாள். "கேக்குதா உனக்கு? கோரலை நீ கொண்டுபோன. இவனை விடமாட்டேன். இவன் சொல்லணும். இவன் போய் ஊர்ல சொல்லணும்."

இழுத்தாள். கிளெம் நின்றான். ஒரு மூச்சு. இரண்டு மூச்சு. ஜல்லியில் அவன் பூட்ஸ் கிழித்த இரண்டு கோடுகள் சாலையோர வெள்ளைக் கோட்டுக்கு ஒரு முழம் முன்னால் நின்றிருந்தன. லாரியின் ஹாரன் அலறியது. குன்றில் காஸ் வெடி டும் என்றது.

இரண்டு கோடுகள். மெரின் அவற்றைப் பார்த்துக்கொண்டே பிடித்திருந்தாள். அவள் கையில் இன்னும் தெம்பு இருந்தது.

அப்போது அவள் முதுகில், இடுப்புக்குச் சற்று மேலே, இன்னொரு கை வந்து மெதுவாகப் படிந்தது.

ஜல்லியில் கோடுகள் நான்காயின. நான்கும் ஒன்றுபோல நீண்டன.